முதல் கேமிங் கணினியை நம் கையாலேயே அமைப்பது எப்படி?

சொந்தமாக ஒரு கேமிங் கணினியை அமைத்துக்கொள்ள நினைக்கும் பலர் முதலில் விசாரிப்பது கிராபிக்ஸ் கார்டின் விலையைத்தான். அங்கே தொடங்கினால் கையிலிருக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த ஒரே பொருளுக்குப் போய்விடும். மற்ற பாகங்களை மிஞ்சிய காசுக்குக் கிடைத்தபடி வாங்க வேண்டியிருக்கும். புதியவர்கள் அமைத்த கணினிகள் ஏமாற்றம் தருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பாகங்கள் மட்டமானவையாக இருந்ததில்லை, ஒன்றுக்கொன்று பொருந்தாதவையாகவே இருந்தன. ஆகவே எதை வாங்குவது என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்து, எதற்காக வாங்குகிறோம் என்பதிலிருந்து தொடங்குவோம்.

திரையிலிருந்து பின்னோக்கி

எந்தத் திரையில், எந்த வகை விளையாட்டை ஆடப்போகிறீர்கள் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். 1920க்கு 1080 அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 2560க்கு 1440 என்றால் 36.9 லட்சம், 4கே எனப்படும் 3840க்கு 2160 என்றால் 82.9 லட்சம். திரையில் ஒவ்வொரு முறை படம் மாறும்போதும் இத்தனை புள்ளிகளின் நிறத்தையும் கிராபிக்ஸ் கார்டு கணக்கிட்டாக வேண்டும். 4கே திரையை வாங்கிவிட்டு 1080 அளவுக்கு ஏற்ற கார்டைப் பொருத்துகிறவர், நான்கு ஆள் செய்யும் வேலையை ஒரே ஆளின் தலையில் ஏற்றுகிறார்.

அடுத்து திரையின் வேகம். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை படத்தை மாற்றுகிறது. 144 ஹெர்ட்ஸ் திரைக்கு அதே வேலைக்கு 6.9 மில்லி விநாடி போதும். வேலோரன்ட் போன்ற போட்டித் துப்பாக்கி விளையாட்டுகளை ஆடுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு முதல் நாளே கையில் தெரியும். இவ்வகை விளையாட்டுகள் கார்டைக் காட்டிலும் கணினியின் மூளையான பிராசஸரையே அதிகம் நம்பியிருக்கின்றன. பரந்த நகரங்களும் மழையும் நிழல்களும் நிறைந்த கதை விளையாட்டுகளில் நிலைமை தலைகீழ். அங்கே சுமையின் பெரும்பகுதி கார்டின் மேல் விழுகிறது. முதல் கணினிக்கு 1080 அளவும் 144 ஹெர்ட்ஸ் வேகமும் கொண்ட 24 அங்குலத் திரை போதும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மேல் போக வேண்டிய தேவையை ஓராண்டு விளையாடிய பிறகு நீங்களே உணர்வீர்கள்.

ஒன்றோடொன்று பொருந்தும் பாகங்கள்

திரை முடிவானதும் கார்டு தானாகவே முடிவாகிவிடும். 1080 அளவுக்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 ஆகிய வரிசையில் உள்ள 8 ஜிபி நினைவகம் கொண்ட கார்டுகளைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம். 1440 அளவென்றால் 12 அல்லது 16 ஜிபி உள்ளவற்றைப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி போன்றவை ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையாக விற்கப்படுகின்றன. பெயரை மட்டும் பார்த்து விலை குறைவாக இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடாமல், பெட்டியில் எழுதியிருக்கும் ஜிபி அளவைப் படித்துப் பாருங்கள்.

பிராசஸரைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரின் கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும். இன்டெல் ஐ5-12400எஃப் போல எஃப் என்று முடியும் பிராசஸர்களில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் அவற்றால் ஒன்றையும் காட்ட இயலாது. கார்டைச் சில மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டமிடுகிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். ஏஎம்டியின் ரைசன் 5 7600இல் எளிய அளவிலான கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. கார்டு பழுதானாலும் கணினியை இயக்கிப் பார்க்கலாம் என்பதால் புதியவர்களுக்கு நான் அந்த வகையையே பரிந்துரைக்கிறேன்.

பிராசஸர் எந்த சாக்கெட்டில், அதாவது பொருத்துமிடத்தில், உட்காருகிறதோ அந்த சாக்கெட் உள்ள மதர்போர்டைத்தான், அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையைத்தான், வாங்க வேண்டும். 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருப்பதால், இன்று வாங்கும் போர்டில் சில ஆண்டுகள் கழித்துப் புதிய பிராசஸரைப் பொருத்த வாய்ப்பிருக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளோடு தன் முதன்மை வரிசையை முடித்துக்கொண்டது. விலை மலிவாகக் கிடைத்தால் அதுவும் நல்ல தேர்வுதான். ஆனால் அதன் போர்டுகளில், தற்காலிக நினைவகமான ரேமில், சில டிடிஆர்4 வகையையும் சில டிடிஆர்5 வகையையும் ஏற்பவை. இரண்டு ரேமுக்கும் கீழ்விளிம்பில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். மாற்றி வாங்கினால் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகாது. ஏஎம்5 டிடிஆர்5 ஒன்றையே ஏற்கும்.

ரேமை 16 ஜிபியாக ஒரே பட்டையில் வாங்குவதைவிட இரண்டு 8 ஜிபி பட்டைகளாக வாங்குவது நல்லது, ஏனெனில் இரண்டு பாதைகளிலும் தரவு ஒரே நேரத்தில் ஓடும். 2025இன் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறிய பிறகு, 32 ஜிபியை உடனே வாங்கியாக வேண்டும் என்று நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. விளையாட்டுகளைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டி 1 டிபி இருக்கட்டும். இன்றைய பெரிய விளையாட்டுகள் பலவும் 100 ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன.

இனி, பாகங்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ். விளக்கு எரியாத, கண்ணில் படாத பொருள் என்பதால் இதில் மிச்சம் பிடிக்கவே எல்லோருக்கும் தோன்றும். ஆனால் கணினியின் மற்ற எல்லாப் பாகங்களும் இது தரும் மின்சாரத்தில்தான் உயிர் வாழ்கின்றன. ஆர்டிஎக்ஸ் 4060 அதிகபட்சம் 115 வாட், ஆர்எக்ஸ் 7600 165 வாட் எடுக்கும். ரைசன் 5 7600 முழு வேகத்தில் ஏறத்தாழ 88 வாட் எடுக்கும். விசிறிகளையும் எஸ்எஸ்டியையும் சேர்த்தாலும் மொத்தம் 300 வாட்டைச் சுற்றித்தான் வரும். எனவே 550 முதல் 650 வாட் வரையுள்ள, மின்சாரத்தை அதிகம் வீணாக்காமைக்கான 80 பிளஸ் பிரான்ஸ் சான்றும் ஐந்தாண்டு வாரன்டியும் உள்ள எஸ்எம்பிஎஸ் தாராளமாகப் போதும். கணினியின் கூடான கேபினெட்டோடு இலவசமாகச் சேர்ந்து வரும் மலிவான எஸ்எம்பிஎஸ்ஸை கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் பயன்படுத்தவே வேண்டாம்.

இது தொடர்பாக என் வீட்டில் நேர்ந்த ஓர் இழப்பைச் சொல்லியாக வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தபோது, கேபினெட்டுக்குள் ஏற்கெனவே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கேபிள்களைக் கழற்ற மனமில்லாமல், அவற்றின் மறுமுனைகளையே புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினேன். செருகி அச்சாகப் பொருந்தியது. ஸ்விட்சைப் போட்ட நொடியில் ஹார்ட் டிஸ்க் கருகிவிட்டது. என் மகள் பிறந்த நாள் முதல் எடுத்த புகைப்படங்கள் அதில் இருந்தன. ஹார்ட் டிஸ்க்கின் பக்கமுள்ள செருகி எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கமுள்ள செருகியிலோ எந்தத் துளையில் 12 வோல்ட், எந்தத் துளையில் 5 வோல்ட் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே எஸ்எம்பிஎஸ் மாறினால் கேபிள்களும் மாற வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ரிச்சி தெருவில் வாங்கும்போது

சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கிறது. வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். பகல் ஏற ஏறக் கூட்டம் கூடிவிடும், கடைக்காரருக்கு உங்களோடு பேச நேரமிருக்காது. பட்டியலைத் தாளில் எழுதி எடுத்துச்சென்று, மூன்று கடைகளிலாவது கொட்டேஷன் வாங்குங்கள். பட்டியலில் உள்ள மாடலுக்குப் பதிலாக வேறொன்றைச் சொன்னால் அங்கேயே ஒப்புக்கொள்ளாமல் வெளியே வந்து அதன் சாக்கெட்டையும் ரேம் வகையையும் சரிபார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கணினிப் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பில் வேண்டாமென்றால் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லும் கடையிலிருந்து மரியாதையாக விடைபெற்றுவிடுங்கள். மூன்றாண்டு வாரன்டி உள்ள ஒரு பொருள் இரண்டாவது ஆண்டில் நின்றுபோனால் அந்தத் தாள்தான் பேசும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மதர்போர்டை வாங்கும்போது, “அண்ணே, பெட்டியைத் திறந்து சாக்கெட் பின்னை ஒரு தடவை பாத்துக்கலாமா?” என்று கேளுங்கள். ஏஎம்5, எல்ஜிஏ 1700 ஆகிய இரண்டிலுமே மெல்லிய பின்கள் போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. ஏஎம்5இல் அவற்றின் எண்ணிக்கை 1718. கைப்பேசியின் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் நேராக நிற்கும் பின்கள் எல்லாம் வரிசையாக ஒரே சீராக மின்னும். ஒன்று வளைந்திருந்தாலும் அந்த இடத்தில் ஒளி உடைந்து தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வளைந்த பின்னைக் காட்டினால், அது உங்கள் கையில் வளைந்ததில்லை என்று யாரும் ஏற்கமாட்டார்கள். நல்ல கடைக்காரர்கள் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வதும் இல்லை.

பழைய கார்டு வாங்குவோருக்கு ஒரு சொல். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற மின்னணு நாணயம், கார்டுகளைக் கணக்கிடவைத்து நாணயம் ஈட்டும் ‘சுரங்கம் தோண்டும்’ முறையைக் கைவிட்ட பிறகு, இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகப் பழைய சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே மோசமானவை என்று சொல்ல முடியாது. எனினும் விற்கிறவரின் கண்முன்னே அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க முடியாத கார்டை வாங்காதீர்கள்.

மேசைமேல்

அமைப்பதற்கு ஒரு முழுப் பகலை ஒதுக்கிக்கொள்ளுங்கள். மர மேசை, நல்ல வெளிச்சம், காந்த முனையுள்ள ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், திருகுகளைப் போட்டுவைக்க ஒரு சிறு கிண்ணம் ஆகியவை போதும். உடலில் சேரும் நிலைமின்சாரம் பாகங்களைத் தாக்காமலிருக்க, கேபினெட்டின் பெயின்ட் பூசாத உலோகப் பகுதியை அவ்வப்போது தொட்டுக்கொள்ளுங்கள்.

மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின்மேலேயே வைத்து வேலையைத் தொடங்குங்கள். சாக்கெட்டின் ஓரத்தில் உள்ள கம்பி நெம்பை அழுத்தி வெளிப்பக்கமாக விலக்கித் தூக்கினால் உலோகச் சட்டம் விடுபடும். சட்டத்தின்மேல் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியை இப்போதே பிடுங்க வேண்டாம். பிராசஸரை விளிம்புகளில் மட்டும் பிடித்து, அதன் ஒரு மூலையில் உள்ள சிறு முக்கோணக் குறியையும் சாக்கெட்டில் உள்ள முக்கோணக் குறியையும் ஒரே மூலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு தூங்கும் குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோல அதைக் கிடத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அழுத்தக் கூடாது, தேய்த்து நகர்த்தவும் கூடாது. சட்டத்தை மூடி நெம்பைக் கீழே இறக்கும்போது பிளாஸ்டிக் மூடி தானாகவே துள்ளி வெளியே வரும். நெம்பு எதிர்பார்த்ததைவிட இறுக்கமாக இருக்கும். நெறுநெறுவென்று ஒரு சத்தமும் கேட்கும். முதல்முறை செய்கிற எல்லோரும் அந்தச் சத்தத்தில் பயந்து கையை எடுத்துவிடுகிறார்கள். முக்கோணங்கள் சரியாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, கொக்கியில் மாட்டும்வரை ஒரே சீராக இறக்குங்கள்.

ரேம் இரண்டு பட்டைகளென்றால், நான்கு இடங்கள் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது இடங்களில் அவற்றைப் பொருத்த வேண்டும். வெட்டைப் பொருத்திப் பார்த்து, இரு முனைகளிலும் கட்டைவிரலால் அழுத்தினால் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் வரவில்லையென்றால் ரேம் முழுதாக உட்காரவில்லை. கணினி திரையைக் காட்டவில்லை என்று என்னிடம் வரும் புகார்களில் கணிசமானவை இன்னும் கொஞ்சம் அழுத்தியதிலேயே தீர்ந்திருக்கின்றன. எம்.2 எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, படிய அழுத்தி, சிறு திருகால் இறுக்குங்கள். அதன் உலோக மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை உரிக்க மறந்துவிடக் கூடாது.

அதே எச்சரிக்கை பிராசஸரைக் குளிர்விக்கும் கூலருக்கும் பொருந்தும். அதன் அடிப்பகுதியில் பாதுகாப்புக்காக ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இருந்தால் உரியுங்கள். வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் முன்னதாகவே தடவியிருந்தால் மேலும் போட வேண்டாம். இல்லையென்றால் நடுவில் ஒரு பட்டாணி அளவு வையுங்கள், கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். ரைசன் 5 7600உடன் வரும் கூலரைப் பொருத்த, போர்டில் சாக்கெட்டின் இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்றிவிட்டு அதே துளைகளில் திருகவேண்டும். நான்கு திருகுகளையும் எதிரெதிர் மூலைகளாக, கோலத்தில் குறுக்குக் கோடு இழுப்பதுபோல, சிறிது சிறிதாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். விசிறியின் ஒயரை சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் பின்களில் மாட்டுங்கள்.

இந்த நிலையிலேயே, கேபினெட்டுக்குள் வைக்காமல், ஒருமுறை இயக்கிப் பார்ப்பதுதான் புதியவர்களுக்கு நான் தரும் மிக முக்கியமான அறிவுரை. எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் செருகியையும் பிராசஸருக்கான 8 பின் செருகியையும் மாட்டி, திரையின் கேபிளை மதர்போர்டில் இணைத்து, பவர் ஸ்விட்ச் என்று குறித்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் கணினி உயிர்பெறும். எஃப் வகைப் பிராசஸரென்றால் கார்டையும் மாட்டித்தான் பார்க்க வேண்டும். ஏஎம்5 போர்டுகள் முதல்முறை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். பதற்றத்தில் அணைத்துவிடாமல் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். அதன் பிறகும் ஒன்றும் வரவில்லையென்றால், பல போர்டுகளின் ஓரத்தில் சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கார்டு), பூட் (எஸ்எஸ்டி) என்று எழுதிய நான்கு சிறு விளக்குகளில் எது எரிந்தபடி நிற்கிறதோ அந்தப் பாகத்தை முதலில் பாருங்கள்.

கேபினெட்டுக்குள்

போர்டில் எத்தனை திருகுத் துளைகள் இருக்கின்றனவோ அந்த இடங்களில் மட்டும் பித்தளைத் தாங்கிகள் இருக்க வேண்டும். துளையில்லாத இடத்தில் ஒன்று நின்றால் அது போர்டின் பின்புறத்தைத் தொட்டு ஷார்ட் ஆகலாம். பின்பக்கத் தகடு தனியாக வந்திருந்தால் போர்டை வைப்பதற்கு முன்பே அதைப் பொருத்துங்கள். விசிறிகளில், கம்பிச் சட்டம் தெரியும் பக்கத்தின் வழியாகத்தான் காற்று வெளியேறும். முன்புறத்து விசிறிகள் காற்றை உள்ளே இழுக்க, பின்புறத்து விசிறி வெளியே தள்ளும்படி அமையுங்கள். கார்டை மேலேயுள்ள நீண்ட ஸ்லாட்டில் செருகித் திருகால் பிணைத்து, அதன் மின்செருகியை இடைவெளி தெரியாதவாறு முழுதாகத் தள்ளுங்கள். 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் 16 பின் செருகிகள் உருகியபோது, முழுதாக உள்ளே போகாத செருகி ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

முதல் ஓட்டம்

திரையின் கேபிளை இப்போது மதர்போர்டிலிருந்து எடுத்துக் கார்டில் மாட்டுங்கள். இதை மறந்துவிட்டு, வாங்கிய கார்டு ஓடவே இல்லை என்று கலங்குகிறவர்கள் அதிகம். மதர்போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் சென்று, ஏஎம்டி போர்டானால் எக்ஸ்போ, இன்டெல் போர்டானால் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்குங்கள். இல்லாவிட்டால் 6000 வேகத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய டிடிஆர்5 ரேம் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசஸர்களில் உயர்வகைகள் சில நிலைகுலைந்ததால் அந்நிறுவனம் 2024இல் அதற்கான திருத்தத்தை வெளியிட்டது. அவற்றை வைத்திருப்போர் விளையாடத் தொடங்கும் முன்பே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால் விண்டோஸ் 11ஐ நிறுவுங்கள். அதில் வேலோரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் பயாஸில் இயக்கத்தில் இருக்க வேண்டும்.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை நிறுவிய பிறகு, விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் திரையின் வேகத்தை 144 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். தானாக அது 60இலேயே நிற்பது வழக்கம். ஓராண்டு காலம் 144 ஹெர்ட்ஸ் திரையை 60இல் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவரை நான் அறிவேன். பிறகு கனமான ஒரு விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைக் கவனியுங்கள். மே மாதத்துச் சென்னை அறையில் குளிர்பிரதேசத்து எண்களை எதிர்பார்க்க முடியாது. கார்டு 80 பாகை செல்சியஸை ஒட்டியும் பிராசஸர் 85 பாகைக்குள்ளும் நின்றால் கவலையில்லை. ரைசன் 5 7600 தன் எல்லையான 95 பாகையைத் தொட்டால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படி நடந்தால் கூலரின் அடித்தாளையும் விசிறிகளின் திசையையும் மீண்டும் பாருங்கள்.

கேபினெட்டைத் தொடும்போது விரலில் சுருக்கென்று மெல்லிய அதிர்வு தெரிந்தால், குறை பெரும்பாலும் கணினியில் இருக்காது, வீட்டின் எர்த்தில் இருக்கும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகி ஒப்பேற்றாமல் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள். யுபிஎஸ் வாங்குவோர் 600 விஏ என்பதை 600 வாட் என்று நினைத்துவிட வேண்டாம். அத்தகைய யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். விளையாட்டின் நடுவே மின்சாரம் போகும்போது கார்டும் திரையும் சேர்ந்து அதைத் திணறடிக்கக்கூடும் என்பதால் 1000 விஏ வகையைப் பாருங்கள்.

விளையாட்டுகளை வாங்க ஸ்டீம் என்ற இணையக் கடையில் ரூபாயிலேயே விலை இருக்கிறது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். உங்கள் கணினியில் ஒரு விளையாட்டு எப்படி ஓடுகிறது என்பதை வாங்கிய அன்றே பார்த்துவிடுங்கள். எபிக் கடையில் வாரந்தோறும் இலவசமாகவும் ஒரு விளையாட்டாவது கிடைக்கிறது.

கடைசியாக, அட்டைப்பெட்டிகளை வீசிவிடாதீர்கள். துள்ளி வெளியே வந்த அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியையும் பில்லின் நகலையும் மதர்போர்டின் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பரணில் ஏற்றிவையுங்கள். போர்டு பழுதாகி வாரன்டிக்குத் திருப்பிக் கொடுக்கும் நாளில், சாக்கெட்டின்மேல் அந்த மூடி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.